லோகோ வரை வந்து நின்ற கணினிகள்: 2024 ஜூலை 19 நிகழ்வு ஆய்வு

கணினி சரியாக எழவில்லை என்று யாராவது சொன்னால், அனுபவமுள்ள டெக்னீஷியன் முதலில் கேட்பது ‘எதுவரை வருகிறது?’ என்றுதான். விசிறியே சுற்றவில்லை என்றால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் போக வேண்டும். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்பார்கள். கம்பெனி லோகோ வந்து, பூட் ஆக டிஸ்க் இல்லை என்று செய்தி வந்தால் ஹார்ட் டிஸ்க்கையோ அதன் கேபிளையோ சந்தேகப்படலாம். விண்டோஸ் லோகோவும் வந்து, கீழே புள்ளிகள் வட்டமடிக்க ஆரம்பித்த பிறகு விழுந்தால் வன்பொருள் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. விண்டோஸ் எழும்போது கூடவே ஏற்றுகிற ஏதோ ஒன்றில் கோளாறு.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் இந்தக் கடைசி வகையில் விழுந்தன. இது மைக்ரோசாஃப்ட் தந்த மதிப்பீடு. மொத்த விண்டோஸ் கணினிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அதே நிறுவனம் சொன்னது. விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என்று அந்த 1 சதவீதத்துக்குள்தான் முக்கியமான இடங்கள் பலவும் இருந்தன.

பூட் ஆகாத சிஸ்டம் ஒன்றின் முழுக் கதை பொதுவெளியில் கிடைப்பது அபூர்வம். கடையில் சரிசெய்து கொடுத்துவிட்டால் ‘விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இதில் மட்டும், கோளாறுக்குக் காரணமான கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 6-இல் மூலகாரண அறிக்கை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் தன்னிடம் வந்த கிராஷ் டம்ப்களை (கணினி விழும் நொடியில் பதிவாகும் நினைவகப் பதிவுகள்) பிரித்துப் பார்த்துத் தனியாக எழுதியது. இரண்டையும் வைத்து, அன்று ஒரு டெக்னீஷியன் எப்படி யோசித்திருக்க வேண்டும், எந்த இடத்தில் திணறியிருப்பார் என்று பார்க்கலாம்.

காலை 9.39

கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஃபால்கன் என்பது நிறுவனங்கள் வாங்கும் பாதுகாப்பு மென்பொருள். ஒவ்வொரு கணினியிலும் ‘சென்சார்’ என்ற பகுதி உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கணினியில் இருக்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் அன்று பலருடைய வீட்டு லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு அந்தச் சென்சார்களுக்கு ஒரு சின்ன ஃபைல் போய்ச் சேரத் தொடங்கியது. காலை 10.57-க்கு நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. இடைவெளி 78 நிமிடம்.

அந்த 78 நிமிடத்தில் ஆன் ஆகி, இணையத்தில் இருந்த விண்டோஸ் கணினிகள் மாட்டிக்கொண்டன. சிட்னியில் அப்போது பிற்பகல் 2 மணி தாண்டியிருந்தது, எல்லோரும் வேலையில் இருந்தார்கள். நம் ஊரில் ஆட்கள் வந்து சிஸ்டத்தைப் போட்டு மெயில் பார்க்கும் நேரம். நியூயார்க்கில் நள்ளிரவு, மேசைக் கணினிகள் பல அணைந்திருந்தாலும் சர்வர்கள் தூங்குவதில்லையே.

அறிகுறி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது. சோக முகம், ‘உங்கள் கணினியில் சிக்கல், மறுபடி தொடங்க வேண்டும்’ என்கிற வாசகம், கீழே சிறிய எழுத்தில் பிழைக் குறியீடு. தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. லோகோ, வட்டமடிக்கும் புள்ளிகள், மறுபடி நீலம். இப்படிச் சில சுற்று சுற்றிய பிறகு, விண்டோஸ் சரியாக ஏறவில்லை என்று சொல்லும் ரெக்கவரி திரையில் வந்து நிற்கும். அங்கிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய கதைதான்.

எதையெல்லாம் கழிக்கலாம்

ஒரே ஒரு கணினி இப்படி விழுந்தால் சந்தேகம் நாலு பக்கமும் போகும்: ரேம், சூடு, டிஸ்க்கில் பழுதான பகுதி, நேற்று போட்ட பிரிண்டர் டிரைவர் (விண்டோஸோடு சேர்ந்து ஏறும் துணை நிரல்). ஒரே அறையில் பத்துக் கணினிகள் ஒன்றாக விழுந்தால் வன்பொருளை முதலிலேயே கழித்துவிடலாம். பத்து ரேம் குச்சிகள் ஒரே நிமிடத்தில் சொல்லிவைத்துக் கெட்டுப்போகாது. மின்சாரக் கோளாறு என்றால் கணினி லோகோ வரைகூட வந்திருக்காது.

அடுத்து எல்லோருக்கும் தோன்றியது விண்டோஸ் அப்டேட். நியாயமான சந்தேகம்தான். அப்டேட்டுக்குப் பிறகு எழாத சிஸ்டங்களைப் பார்க்காத டெக்னீஷியன் கிடையாது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகச் சேவை, அமெரிக்காவின் மத்தியப் பகுதித் தரவு மையங்களில் முடங்கியிருந்தது. அது வேறு கோளாறு, வேறு காரணம். ஆனால் செய்திகளில் இரண்டும் கலந்து ‘மைக்ரோசாஃப்ட் முடக்கம்’ என்றே போனது. நீலத்திரை மைக்ரோசாஃப்டுடையது என்பதால் பழியும் அங்கேயே நின்றது.

அப்டேட் சந்தேகத்தை உடைக்கும் தடயங்கள் கண்முன்னே இருந்தன. பக்கத்து மேசை மேக் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் சர்வர்களும் ஓடின. அதையாவது ‘விண்டோஸில்தானே கோளாறு’ என்று விளக்கிவிடலாம். அதே நெட்வொர்க்கில், அதே விண்டோஸ் பதிப்பில், ஃபால்கன் போடாத கணினி ஒன்று நன்றாக எழுகிறதே, அதை எப்படி விளக்குவது? பையிலேயே மூடிக்கிடந்து பதினொன்றரைக்குத் திறந்த லேப்டாப் ஒன்றும் ஆகாமல் எழுந்ததே, அதை? என் பார்வையில் அன்றைக்குக் கிடைத்த தடயங்களில் இந்தக் கடைசி லேப்டாப்தான் தங்கம். விழுந்த கணினியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, விழாத கணினிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் விடை சீக்கிரம் வரும். அந்த லேப்டாப்பில் எல்லாம் ஒன்றுதான்: விண்டோஸ் ஒன்று, சென்சார் ஒன்று, கொள்கை அமைப்புகள் ஒன்று. மாறியது ஆன் செய்த நேரம் மட்டும். அப்படியானால் ஏதோ ஒன்று ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வந்து, பிறகு நின்றுவிட்டது.

இதையெல்லாம் யோசிக்காமலேயே விடை தெரிந்தவர்களும் உண்டு. நீலத்திரையின் கீழே பொடி எழுத்தில், எது தோற்றது என்ற வரியில், ‘சிஎஸ் ஏஜென்ட்’ என்ற டிரைவர் ஃபைலின் பெயர் பல கணினிகளில் தெளிவாகவே வந்தது. சிஎஸ் என்றால் கிரவுட்ஸ்ட்ரைக். திரை சில நொடிகளில் மறைந்துவிடும், அதற்குள் மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தத் திரையை முழுதாகப் படிக்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

20 கொடுத்து 21 கேட்டது

டிரைவர் என்றதும் ‘புது டிரைவர் போட்டுக் கெட்டுவிட்டது, பழையதை வைத்தால் சரியாகிவிடும்’ என்று தோன்றும். இங்கே டிரைவர் மாறவே இல்லை. மைக்ரோசாஃப்டின் சோதனைகளைத் தாண்டிக் கையெழுத்து வாங்கிய அதே டிரைவர்தான் முந்தைய நாளும் ஓடியது, அன்றும் ஓடியது. மாறியது, அந்த டிரைவர் படித்து நடக்கும் ஒரு தரவு ஃபைல். நிறுவனம் இதை ‘சேனல் ஃபைல்’ என்கிறது. புதிய தாக்குதல் உத்திகள் வரும்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சென்சாருக்குச் சொல்லும் விதிகள் அதில் இருக்கும். விதிகள் அவசரமாகப் போக வேண்டியவை என்பதால், சென்சாரின் புதிய பதிப்புகளுக்கு இருக்கும் படிப்படியான வெளியீடு இவற்றுக்கு இல்லை. ‘எங்களுக்கு எப்போதும் ஒரு பதிப்பு பின்தங்கியே கொடுங்கள்’ என்று எச்சரிக்கையாக அமைத்து வைத்திருந்த நிறுவனங்களும் அதனால்தான் தப்பவில்லை. அந்த அமைப்பு சென்சார் பதிப்பைத்தான் கட்டுப்படுத்தியது, சேனல் ஃபைலைக் கட்டுப்படுத்தவில்லை.

விழவைத்தது 291 என்ற எண்ணுள்ள சேனல் ஃபைல். விண்டோஸில் ஒரு நிரலும் இன்னொரு நிரலும் பேசிக்கொள்ளப் பயன்படும் ‘நேம்ட் பைப்’ என்ற வழியைக் கண்காணிக்கும் விதிகள் அதில் இருந்தன. தாக்குபவர்கள் அந்த வழியைத் தவறாகப் பயன்படுத்துவதுண்டு, கண்காணிப்பதில் தவறில்லை. இந்த வகைக் கண்காணிப்பு, 2024 பிப்ரவரியில் வந்த 7.11 பதிப்புச் சென்சாரில் புதிதாகச் சேர்ந்தது.

கோளாறும் அப்போதே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. விதியின் வார்ப்பில் 21 உள்ளீட்டுக் கட்டங்கள் இருப்பதாக வரையறுத்திருந்தார்கள். ஆனால் ஓடும் நேரத்தில் அந்த விதியைச் சரிபார்க்கும் பகுதிக்கு மதிப்புகளை எடுத்துக் கொடுக்கும் சென்சார் நிரல் 20-தான் கொடுத்தது. ஐந்து மாதம் இது யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 5-இல் செய்த சோதனையும் தேறியது, அன்று போன விதியும், ஏப்ரலில் போன மூன்று விதிகளும் ஒரு குறையுமின்றி ஓடின. காரணம், அந்த விதிகள் எல்லாவற்றிலும் 21-ஆவது கட்டத்தில் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்ற பொருள் தரும் குறி இருந்தது. எதுவானாலும் சரி என்றால் அந்த மதிப்பை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எடுக்கப் போகாததால், அங்கே ஒன்றும் இல்லை என்பதும் தெரியவில்லை.

ஜூலை 19-இல் இரண்டு புதிய விதிகள் போயின. அவற்றில் ஒன்று, முதல் முறையாக, 21-ஆவது கட்டத்தில் இன்ன மதிப்புதான் வேண்டும் என்று கேட்டது. வெளியே அனுப்பும் முன் ஃபைலைச் சரிபார்க்கும் மென்பொருளும் 21 மதிப்புகள் வரும் என்றே நம்பியிருந்ததால் ‘சரி’ சொல்லிவிட்டது. கணினியில், நேம்ட் பைப் தொடர்பான அடுத்த நிகழ்வு வந்ததும் சென்சார் விதியைத் திறந்தது, 21-ஆவது மதிப்பைத் தேடியது. 20 மதிப்புகளுக்கான இடம் முடிந்து, அதற்கு அப்பால் நினைவகத்தில் தனக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, அதை முகவரி என்று எண்ணிப் படிக்கப் போனது. அந்த முகவரியில் ஒன்றும் இல்லை.

இதே தவறை ஒரு சாதாரண நிரல், எக்செல் மாதிரி, செய்திருந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், நாம் திட்டிவிட்டு மறுபடி திறப்போம். ஆனால் இந்தச் சென்சார் ஓடுவது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள். அங்கே இப்படி ஒரு தவறு நடந்தால் விண்டோஸுக்கு வேறு வழி கிடையாது, எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நீலத்திரை என்பது அந்த நிறுத்தம்தான். மேற்கொண்டு ஓடினால் டிஸ்க்கில் இருக்கும் தரவையே கெடுத்துவிடலாம் என்பதால் செய்யும் காரியம் அது. விண்டோஸ் அன்று சரியாகத்தான் நடந்துகொண்டது என்பேன்.

நேம்ட் பைப்பை விண்டோஸ் தானே ஓயாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறை எழும்போதும் சில நொடிகளில் அந்த விதி திறந்து, அடுத்த நீலத்திரை வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து பயனில்லாமல் போனது இதனால்.

திரும்பப் பெற்றும் ஏன் எழவில்லை

10.57-க்கு நல்ல ஃபைல் தயாராக இருந்தது. கணினி எழுந்து, நெட்வொர்க் கிடைத்து, சென்சார் தன் சர்வரோடு பேசினால் கெட்டதை நீக்கி நல்லதை வாங்கிக்கொள்ளும். ஆனால் நெட்வொர்க் கிடைப்பதற்கு முன்பே கணினி விழுந்துவிடுகிறது. பீரோ சாவியை உள்ளே வைத்து பீரோவைப் பூட்டிய நிலைமை.

இந்த இடத்தில் வந்த ஆலோசனை ஒன்று முதலில் கேட்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள். அஸூரில் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு, 15 முறை வரைகூட ரீஸ்டார்ட் செய்து சிலர் மீட்டதாக மைக்ரோசாஃப்டே எழுதியது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நெட்வொர்க் முந்துமா, நீலத்திரை முந்துமா என்ற ஓட்டப்பந்தயம் அது. ஒவ்வொரு முறையும் டிரைவர்கள் ஏறும் நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஒரு முறை நெட்வொர்க் முந்திவிட்டால் நல்ல ஃபைல் இறங்கிவிடும். வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று கிரவுட்ஸ்ட்ரைக் சொன்னதும் இதற்காகத்தான். கேபிள் இணைப்பு சீக்கிரம் எழுந்துவிடும்.

பந்தயத்தில் தோற்றவர்களுக்கு ஒரே வழி, சென்சார் ஏறாத நிலையில் உள்ளே போய் அந்த ஃபைலை அழிப்பது.

ஒரு நிமிட வேலை

ஸேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். வெளியார் போட்ட டிரைவர்கள் வெளியே நிற்கும். ரெக்கவரி திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் ஸேஃப் மோட், 5 என்றால் நெட்வொர்க்கோடு கூடிய ஸேஃப் மோட். உள்ளே போனதும் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதில் டிரைவர்ஸ், அதில் கிரவுட்ஸ்ட்ரைக். அங்கே ‘சி-00000291’ என்று தொடங்கும் ஃபைல். அதை அழித்துவிட்டுச் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் கணினி எழுந்துவிடும். முன்பின் தெரியாத ஃபைலை டிரைவர் ஃபோல்டரிலிருந்து அழிப்பதற்குக் கை கூசும்தான். ஆனால் இந்த ஃபைலின் பெயர் டிரைவர் மாதிரி ‘எஸ்ஒய்எஸ்’ என்று முடிந்தாலும் அது டிரைவர் இல்லை. அழித்தால் சென்சாரே புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ளும்.

ஸேஃப் மோடுக்குப் போகாமல் ரெக்கவரி திரையில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டிலேயே அழிக்கலாம். அங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும்போது எக்ஸ் டிரைவில் நிற்கும். அந்த எக்ஸ் டிரைவிலும் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று எல்லா ஃபோல்டரும் இருக்கும், கிரவுட்ஸ்ட்ரைக் மட்டும் இருக்காது. அது ரெக்கவரிக்காக நினைவகத்தில் ஏற்றிய சின்ன விண்டோஸ்; டிஸ்க்கில் இருக்கும் நம் விண்டோஸ் வேறு. முதலில் சி டிரைவுக்கு மாற வேண்டும். சில கணினிகளில் ரெக்கவரிச் சூழலில் சி என்பது வேறு எழுத்தாக மாறியிருக்கும், டி-யோ இ-யோ. ஒவ்வொன்றாக மாறி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் நம் விண்டோஸைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஃபோல்டரே இல்லை’ என்று யாராவது சொன்னால், எக்ஸ் டிரைவிலேயே தேடியிருக்க வாய்ப்பு அதிகம்.

செய்யாமல் இருக்க வேண்டியவையும் இருந்தன. ‘இந்தக் கணினியை ரீசெட் செய்’ என்ற பொத்தான் ரெக்கவரி திரையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் ஒரு ஃபைலை அழித்தால் தீரும் சிக்கலுக்கு விண்டோஸையே மறுபடி போடுவது, நிரல்களையும் அமைப்புகளையும் இழக்கும் வழி. ஸ்டார்ட்அப் ரிப்பேரும் இதில் உதவாது, அதன் கண்ணில் எந்த விண்டோஸ் ஃபைலும் கெடவில்லை. போதாக்குறைக்கு, சரிசெய்யும் கருவி என்ற பெயரில் வைரஸ் அடங்கிய ஸிப் ஃபைலைப் பரப்பிய கூட்டமும் உடனே கிளம்பியது. கிரவுட்ஸ்ட்ரைக்கே எச்சரிக்கை வெளியிட வேண்டிவந்தது.

மேகத்தில் இருந்த சர்வர்களுக்கு வேறு வழி. விழுந்த மெய்நிகர் கணினியின் டிஸ்க்கைப் பிரித்து, நன்றாக ஓடும் இன்னொன்றில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, ஃபைலை அழித்து, திரும்ப மாட்டுவது. பழைய கடைக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் போட்டுப் பார்ப்பார்களே, அதே வேலைதான், ஸ்குரூ டிரைவர் இல்லாமல்.

48 இலக்கம்

ஆக, காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது, வழியும் சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டது, வேலையும் ஒரு நிமிடம். பிறகு ஏன் பல நாள் இழுத்தது? இந்த நிகழ்வில் உண்மையான நோய் அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன். கணினியைத் தொட முடியவில்லை.

நிறுவன லேப்டாப்களில் பெரும்பாலும் பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கைப் பூட்டியிருப்பார்கள். ஸேஃப் மோடுக்கோ கமாண்ட் பிராம்ப்டுக்கோ போகும் வழியில் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அந்தச் சாவியை ஃபோனில் படித்துக் காட்ட வேண்டும். ‘சார், அடுத்த ஆறு சொல்றேன், போட்டுக்கங்க’ என்று ஒவ்வொருவருக்கும் எட்டு முறை. ஒரு சின்ன நிம்மதி, பிட்லாக்கர் சாவியின் ஒவ்வோர் ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைந்தது. ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் அந்தத் தொகுதியிலேயே தவறு தெரிந்துவிடும், 48-ஐயும் முடித்த பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

சாவி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பல நிறுவனங்கள் அதை, ஊழியர் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி சர்வரில் வைத்திருந்தன. அந்த சர்வரும் விண்டோஸ், அதிலும் ஃபால்கன் என்றால் அதுவும் படுத்துவிட்டது. முதலில் அதை எழுப்ப வேண்டும். அதன் டிஸ்க்கும் பூட்டியிருந்தால் அதன் சாவி தனியாக எங்காவது அச்சிட்டோ எழுதியோ இருக்க வேண்டும்.

கிராண்ட் தார்ன்டன் ஆஸ்திரேலியா என்ற கணக்கு, ஆலோசனை நிறுவனத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. கடைகளில் பொருளைக் காட்டினால் ‘பீப்’ அடிக்கும் பார்கோடு ஸ்கேனரை, கணினி ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. சாவிகளைப் பார்கோடுகளாக மாற்றி லேப்டாப் திரையில் காட்டி, எழாத கணினியில் ஸ்கேனரைச் செருகி, ஒரு பீப். 48 இலக்கமும் பிழையின்றி விழுந்தது.

சாவி இல்லாமலே போகும் வழி ஒன்றும் பரவியது. சாவி கேட்கும் திரைகளைத் தவிர்த்துக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய், அடுத்த முறை ஸேஃப் மோடில் எழு என்று பூட் அமைப்பில் எழுதிவிடுவது. மதர்போர்டில் சாவியைக் காத்துவைத்திருக்கும் டிபிஎம் சில்லு தானாகப் பூட்டைத் திறக்கும் கணினிகளில் இது வேலை செய்தது. ஆனால் உள்ளே போன பிறகு ஃபைலை அழிக்க அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். நிறுவன ஊழியர்கள் பெரும்பாலோரிடம் அது இருக்காது, இருக்கவும் கூடாது. முடித்த பிறகு அந்த ஸேஃப் மோடு அமைப்பை எடுக்க மறந்தால் கணினி காலமெல்லாம் ஸேஃப் மோடிலேயே எழுந்துகொண்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கீபோர்டே இல்லாத கணினிகளும் உண்டு. விமான நிலையத்தில் உயரே தொங்கும் அறிவிப்புத் திரைகளுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு விண்டோஸ் கணினிதான். அதற்கு ஏணியும் கீபோர்டுமாக ஒருவர் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் மறுநாளே யூஎஸ்பி டிரைவில் போட்டு ஓட்டும் மீட்புக் கருவி ஒன்றை வெளியிட்டது. தட்டச்சு குறைந்தது, போய்ச் செருக வேண்டிய கால்கள் குறையவில்லை.

டெல்டா விமான நிறுவனம் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. 40,000 சர்வர்களை நேரில் தொட்டு மீட்க வேண்டியிருந்தது என்றும், இழப்பு 50 கோடி டாலர் என்றும் அதன் தலைவர் எட் பாஸ்டியன் சொன்னார். இந்தியாவில் விமான நிறுவனங்கள் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தன. அந்தப் படங்கள் எல்லோர் மொபைலுக்கும் வந்தன. வங்கித் துறையில் பாதிப்பு குறைவு, 10 வங்கிகளிலும் வங்கிசாரா நிதி நிறுவனங்களிலும் சிறு இடையூறு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஜூலை 29 வாக்கில் விண்டோஸ் சென்சார்களில் சுமார் 99 சதவீதம் மறுபடி இயங்குவதாகக் கிரவுட்ஸ்ட்ரைக் கூறியது. கடைசி 1 சதவீதத்தில் எத்தனை ஏணி வேலை இருந்திருக்குமோ.

பிறகு மாறியவை

நினைவகத்தில் எல்லை தாண்டிப் படிக்காமல் இருக்க ஒரு சோதனை, கட்டங்களின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று தொகுக்கும்போதே ஒரு சோதனை. இரண்டையும் கிரவுட்ஸ்ட்ரைக்கில் அந்த ஜூலை முடிவதற்குள் சேர்த்துவிட்டார்கள். சேனல் ஃபைல்களையும் முதலில் கொஞ்சம் கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு அனுப்புவது என்று மாற்றினார்கள், வாடிக்கையாளரே வேகத்தைத் தீர்மானிக்கவும் வழி செய்தார்கள். இதில் எதுவும் 2024-இல் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபி அனுப்பிய 5958 என்ற எண்ணுள்ள வைரஸ் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கிய ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, கணினிகளை இதே மாதிரி ரீஸ்டார்ட் சுழலில் தள்ளியது. அப்போது மெக்காஃபியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமைச் செயல் அதிகாரியும் அவரே.

மைக்ரோசாஃப்ட் பக்கத்தில், பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் பேச்சு அந்தச் செப்டம்பரிலேயே தொடங்கியது. டெக்னீஷியனுக்கு உடனடியாக உதவக்கூடியது வேறொன்று: ‘குவிக் மெஷின் ரெக்கவரி’. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025-இல் வந்தது. கணினி திரும்பத் திரும்ப எழாமல் போனால், ரெக்கவரிச் சூழலே நெட்வொர்க்கில் இணைந்து, பரவலாகத் தெரிந்த கோளாறு என்றால் அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளும். ஜூலை 19-இல் இருந்திருந்தால் ஏணிகள் பலவற்றுக்கு வேலை இருந்திருக்காது. ஹோம் பதிப்பில் இது தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. நிறுவனங்கள் நிர்வகிக்கும் புரோ, எண்டர்பிரைஸ் கணினிகளில் நிர்வாகி போய் ஆன் செய்ய வேண்டும், வைஃபை என்றால் அதன் பாஸ்வேர்டையும் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.